நீல மூடி

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. நானும் இவரும் எங்கள் குட்டிப் பயல் மூட்டையும் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மூன்று வருஷமாக அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால்தான் இந்தக் காகிதம், பேனா, தபால்தலை எல்லாம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மாமா அனுப்பிய பெட்டி நேற்று வந்தது. மூட்டைக்கு ஏதாவது சட்டை இருக்கும் என்று பிரித்தால், உங்கள் வீட்டு ஹியூமிடிஃபையர், அதுதான் அறைக் காற்றை ஈரமாக்குகிற அந்த மெஷின். எனக்குக் கை ஓடவில்லை. டமாரத்தின் கட்டில் பக்கத்தில் இருந்ததாயிற்றே. அந்தப் பெயரை எழுதலாமா கூடாதா என்று பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் மகளுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவளே நான்தான். அழுதால் நாலு வீடு தாண்டிக் கேட்குமே, அந்தக் குரல். அவள் போய் மூன்று குளிர்காலம் ஆகியும் நம் இருவருக்குள் அவள் பேச்சு வந்ததில்லை. இப்போது நான் எழுதிவிட்டேன். கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மெஷின் எங்களுக்கு வேண்டியதுதான். மூட்டைக்கு இப்போது நாலு மாதம். ஹீட்டர் போட்டால் அறைக் காற்று காய்ந்துபோய், மூக்கடைத்துக்கொண்டு பால் குடிக்க முடியாமல் கத்துகிறான். நேற்று இதை ஓட்டினோம், நிம்மதியாகத் தூங்கினான். தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கும்போது 'குளுக்' என்று ஒரு சத்தம் வருமே, டமாரம் மெஷினையே குளுக் என்றுதானே கூப்பிடுவாள். அதைக் கேட்டு இவனும் சிரிக்கிறான்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று வருஷம் மூலையில் கிடந்த சாமான் இப்படி இருக்குமா? பொட்டுத் தூசி இல்லை. நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளக்கிறது. இதை எப்படிச் சுத்தம் செய்வது? கூட வந்த புத்தகம் பெட்டியில் இல்லை. சுத்தத்தில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, நீயே எழுது.

மாமாவைக் கேட்டதாகச் சொல். தபால்காரரை வாசலில் மறிக்கப்போகும்

தங்கச்சி


நவம்பர் 12

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைக்கு மூக்கடைப்பு குறைந்ததில் சந்தோஷம்.

மெஷினை மாமா அனுப்பியது எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டி கட்டியிருக்கிறார். தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். போனது போகட்டும். ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கொடுக்கிறவள் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

தினமும் காலையில் முதலில் ப்ளக்கைப் பிடுங்கு. மீதித் தண்ணீரைக் கொட்டு. நேற்றைய தண்ணீர் இன்றைக்கு ஆகாது. தொட்டியையும் அடிப்பாகத்தையும் சுத்தமான துணியால் துடை. தொட்டியைக் கவிழ்த்து வை, அதன் மூடியைத் தனியாக வை. இரண்டும் நன்றாகக் காய வேண்டும். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தில் வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடு. உள்ளே காசளவில் ஒரு வட்டத் தகடு இருக்கும், அதுதான் தண்ணீரைப் பனிப்புகையாக மாற்றுவது. அதில் படியும் வெள்ளை உப்பை மெதுவான பழைய பிரஷ்ஷால் தேய். கத்தி, ஊசி வைத்துச் சுரண்டாதே. பிறகு நல்ல தண்ணீரில் அலசு. மூன்று தடவை போதும் என்று தோன்றும். ஐந்து தடவை அலசு.

குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மேசை நாற்காலியெல்லாம் வெள்ளைத் தூசி படியும். காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் கிடைக்கும், அதை வாங்கு. மெஷினைக் கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி வை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்திவிடு. வெளியூர் போனால் சொட்டுத் தண்ணீர் உள்ளே இருக்கக் கூடாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளையைக் காற்றில் தூக்கிக்கொண்டு திரியாதே.

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். இவர் அதைப் படித்துவிட்டு, "உங்க அக்கா மெஷின் கழுவச் சொல்றாங்களா, ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்களா?" என்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான், கைய நல்லா கழுவிட்டு வாங்க" என்று நான் துணியைக் கையில் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து துடைப்பது அவர் வேலை.

நான் பக்கம் பக்கமாக வளவளவென்று எழுதினேன். நீ மெஷினைப் பற்றி மட்டும் பதில் எழுதியிருக்கிறாய். டமாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, திட்டவில்லையே, அதுவே பெரிசு.

கடிதத்தின் அடியில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறாய். அடித்த அடியில் காகிதமே கிழிந்திருக்கிறது. என்ன அது? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பி வைத்துப் பார்த்தேன், ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. நீ எதையும் அடித்து எழுதுகிறவள் இல்லையே. பள்ளிக்கூடத்தில் உன் நோட்டைக் காட்டித்தானே எனக்கு உதை விழும்? மெஷினில் ஏதாவது முக்கியமான வேலையாக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு.

மூட்டை இப்போது குப்புற விழுகிறான். குளுக் கேட்டால் தலையைத் தூக்குகிறான். பார்க்க ஒருமுறை வாயேன்.

தங்கச்சி


டிசம்பர் 1

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. நலம். மாமாவுக்கு லேசாகச் சளி. உன் மகன் தலை தூக்குவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கழுத்துக்குக் கையை அணைகொடுத்துத் தூக்கு.

மெஷின் ஏன் புதிதாக இருக்கிறது என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய். மூன்று வருஷமாகத் தினமும் நான் அதைக் கழுவினேன். ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, கழுவி, துடைத்து, அவள் அறையில் கொண்டுபோய் வைப்பேன். மாமா முதலில் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார், பிறகு பேச்சையே விட்டுவிட்டார். அதனால்தான் உனக்கு அனுப்பியிருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை.

இப்போதும் ஆறு மணிக்குப் பிரஷ்ஷோடு சிங்க் முன்னால் போய் நிற்கிறேன். கழுவ ஒன்றும் இல்லை. முந்தாநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் அறையிலிருந்து குளுக் என்று கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக நாலு நிமிஷம் கழித்து மறுபடியும். அந்த அறையில் ஓர் அலமாரியும் இஸ்திரி மேசையும்தான் இருக்கின்றன. குழாயும் இல்லை, பைப்பும் இல்லை. மாமாவிடம் சொல்லவில்லை. எனக்குப் பைத்தியம் என்று ஏற்கனவே பாதி முடிவு செய்துவைத்திருக்கிறார், மீதியையும் நானே எதற்குக் கொடுக்க வேண்டும்?

நான் சொன்னதை மட்டும் செய். சொல்லாதது எதையும் செய்யாதே.

அக்கா


டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான், மூட்டைக்கு மட்டும் இரண்டு நாளாகக் கொஞ்சம் இருமல். மாமாவுக்குச் சளி விட்டதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நீ தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்பி இங்கே வா.

நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன், திட்டாதே. மாமியார் வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தோம். கிளம்புகிற அவசரத்தில் தண்ணீரைக் கொட்ட மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் தொட்டியின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக, வழவழவென்று என்னமோ படிந்திருக்கிறது. நீ சொன்னபடி வினிகர் ஊற்றி, தேய்த்து, ஐந்துக்குப் பத்து தடவை அலசினேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. பச்சைப் பிள்ளை மூச்சில் போகிற தண்ணீர் ஆயிற்றே.

அப்போதுதான் நீ அடித்த வரி என்னவென்று எனக்குப் பிடிபட்டது! நீல மூடி போட்ட கிருமிநாசினி பாட்டில். அதுதானே? தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் அதில் ஒரு மூடி ஊற்றுவாய். டமாரத்துக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது பத்து நாள் வந்து உன்னோடு இருந்தேனே, பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு மத்தியானத்தில் நீ அசந்து தூங்குவாய், அப்போது தொட்டியை நிரப்புவது நான்தானே. பிள்ளை இப்படி இருமுகிறாளே, ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்று நான் இரண்டு மூடியாகவே ஊற்றுவேன். அறை முழுக்க எலுமிச்சை வாசனை அடிக்கும்.

அந்த நாட்களை நினைக்க முடியாமல்தான் எழுதி அடித்துவிட்டாய் என்று புரிகிறது, அக்கா. நீ சொல்ல வேண்டாம். அதே பாட்டிலைத் தேடி வாங்கிவிட்டேன், மூடி இன்னும் அதே நீலம்தான். ஐந்து நாளாகத் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றி ஓட்டுகிறேன். பாசி கிட்டவே வரவில்லை.

தங்கச்சி


டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: மூட்டைக்கு ஒன்றும் இல்லை.

நேற்று முன்தினம் போன் அடித்தபோது உன் பெயரைப் பார்த்து அடுப்பைக்கூட அணைக்காமல் எடுத்தேன். மூன்று வருஷம் கழித்து உன் குரல். "அத நிறுத்து. ஜன்னலத் தெற. புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ. இப்பவே டாக்டர்கிட்ட காட்டு." அவ்வளவுதான். "ஏன்க்கா?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

டாக்டர் அம்மா எல்லாம் விசாரித்தார். தண்ணீரில் என்ன ஊற்றினேன் என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அது தரைய துடைக்கறதும்மா. இந்த மெஷின்ல போட்டா அப்படியே புகையாகி நுரையீரலுக்குள்ள போயிடும். எத்தன நாளா?" என்றார். பதினோரு நாள் என்றேன். ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம். மெலிதாகத்தான் போயிருக்கிறது, சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள், பிழைத்தான் என்றார். இருமல் இப்போதே பாதி குறைந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் காட்ட வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டார். "உங்க வீட்ல வேற யாராவது குழந்தைக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்களா?" இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா, அக்கா? எனக்கு எழுது. இல்லையென்றால் போனை எடு, நேற்றிலிருந்து நாற்பது தடவை அடித்துவிட்டேன்.

தங்கச்சி


டிசம்பர் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா எழுதுவது. மாப்பிள்ளைக்கும் உனக்கும் சொந்த மகனைப் போல நான் நினைக்கும் உன் பிள்ளைக்கும் என் ஆசிகள். உன் அக்கா உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். உன் கடிதத்தை மட்டும் பிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போகவும் வரவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பிரித்து முதல் வரியை மட்டும் சத்தமாகப் படித்தேன். அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

உன்னிடம் போனில் பேசிய அன்றைக்கே என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வேண்டாத காய்கறியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் அதையெல்லாம் எடுத்து நறுக்கினாள். மூன்று வருஷமாக அந்த மெஷினைக் கழுவுகிறாளே என்று கோபப்பட்ட மடையன் நான். அவளே உனக்கு எழுதுவாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மாமா


ஜனவரி 10

அன்புத் தங்கச்சிக்கு,

உன் மகனுக்கு இருமல் நின்றதா? மறுபடியும் டாக்டரிடம் காட்டினாயா? இதற்கு மட்டுமாவது உடனே பதில் போடு. நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை.

டாக்டரிடம் இல்லை என்று சொன்னாய். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் எங்கள் தொட்டியிலும் அதே சிவப்புப் பாசி வந்தது. ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கழுவினால் போதாது, கிருமியைக் கொல்ல வேண்டும் என்பதுதான். வேறொருத்தியாக இருந்தால் கழுவிவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். நான் கொல்ல நினைத்தேன். தண்ணீரிலேயே ஒரு மூடி ஊற்றிவிட்டால் பாசி தலைகாட்டாது என்று என் தொழில் மூளை சொன்னது. ஒன்பது வாரம் ஊற்றினேன். முதலில் இருமினாள். இருமியதால் இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று மெஷினை இரவு பகலாக ஓட்டினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். அந்தக் குரல் கம்மிக் கம்மி, கடைசி வாரம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காமல் போனது உனக்கே தெரியும். நெஞ்சில் தொற்று என்றார்கள். தண்ணீரில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

அவள் போய் நாற்பது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது, அங்கேயும் தரை துடைக்க வைத்திருந்த அதே நீல மூடிப் பாட்டிலின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். காற்றில் தெளிக்கக் கூடாது, மூச்சில் போகக் கூடாது என்று படித்தாள். வேலைக்குச் சேர்ந்து அதுவரை எட்டு வருஷத்தில் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. தரைக்கு, மேசைக்கு என்று முன்பக்கத்தில் இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மெஷினைக் கழுவ ஆரம்பித்தவள்தான்.

நான் அடித்த வரி இதுதான்: தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதே. எழுதியதும் பயம் வந்துவிட்டது. ஏன் என்று நீ கேட்பாய், நான் சொல்ல வேண்டும். நாலு சொல், அதை விட்டுவைக்கத் தைரியம் இல்லாமல் உன் பிள்ளையை எமன் வாசல்வரை அனுப்பினேன்.

இன்னொன்று. மத்தியானத்தில் நீ இரண்டு மூடி ஊற்றியதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றி நினைக்காதே. நீ வருவதற்கு முந்தின நாளே எனக்கு என்னமோ சந்தேகம் தட்டி, பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தேன். நீ ஊற்றியதெல்லாம் வெறும் தண்ணீர். இதில் உனக்குப் பங்கு இல்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று எழுது.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. மறுபடியும் காட்டினோம், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறை டாக்டர் அம்மாவிடம் ஆமாம் என்று சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டார். மூட்டைக்கு முதல் பல் முளைக்கிறது. என் விரலைக் கடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்கு அது வரவே வராது. நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். திருப்பினால், நான் வருவதற்கு முந்தின நாளே சந்தேகப்பட்டுப் பாட்டிலைக் கொட்டினேன் என்கிறாய். சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கு நீ அடி வாங்கினாயே, அன்றைக்கும் இப்படித்தான் உளறினாய்.

அறை முழுக்க எலுமிச்சை வாசனை அடித்தது, அக்கா. தண்ணீருக்கு ஏது வாசனை? பத்து நாள், பத்து மத்தியானம், இரண்டிரண்டு மூடி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புகையைக் கையால் அவள் முகத்துப் பக்கம் தள்ளிவிட்டேன். "குளுக் வருது பாரு, நல்லா மூச்சு இழு" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளும் சொன்னபடி இழுத்தாள். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து என்னால் மூட்டையைத் தூக்கி முகத்தோடு முகம் வைக்க முடியவில்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மெஷினைத் துடைத்து, தொட்டியைக் கவிழ்த்து, பரண் மேல் வைத்திருக்கிறேன். ப்ளக்கில் இல்லை. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. முந்தாநாள் காலையில் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தபோது குளுக் என்று கேட்டது. எனக்குத்தான் பிரமை என்று நினைத்துத் திரும்பினேன். மூட்டை விளையாட்டை விட்டுவிட்டுப் பரணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நீ எனக்காகப் பொய் எழுதியதற்கு உன் காலில் விழ வேண்டும். ஆனால் அதை நான் வாங்கிக்கொண்டால் நீ மறுபடியும் தனியாகிவிடுவாய். எனக்கு அது வேண்டாம். மெஷினைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இன்று காலை எழுந்து பார்க்கிறேன், கையில் பிரஷ் இருக்கிறது. மணி ஆறு.

தங்கச்சி


ஜனவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பரண் விஷயம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "எனக்கும் கேக்கும். மூணு வருஷமா கேக்குது. உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னு சொல்லல" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறோம்.

ஆமாம், பொய்தான். நீ ஊற்றியதும் அதே மருந்துதான். அது என் வீட்டுப் பாட்டில், என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கை.

புதன்கிழமை மத்தியானம் இருவரும் வருகிறோம். பிள்ளையை நீயே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வா, மாப்பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாதே. மெஷினை என்ன செய்வது என்று நாலு பேருமாக உட்கார்ந்து முடிவு செய்வோம். அதுவரை ஆறு மணிக்கு எழுந்திருக்காதே. அது பரண் மேலேயே இருக்கட்டும், தூசி படியட்டும். கழுவாதே.

அக்கா